இரண்டு இரவுகள் போதாது

1872 நவம்பர் 30ஆம் தேதி இரவு, சென்னை நுங்கம்பாக்கத்தில் அப்போது இருந்த வானாய்வகத்துக்கு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிலிருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் அங்கிருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ். பெற்றவர் மெட்ராஸ் அரசாங்க வானியலாளர் நார்மன் போக்சன். பீலா வால்மீன் 27ஆம் தேதி பூமியை உரசிப் போயிருக்கிறது, தீட்டா சென்டாரி விண்மீனுக்குப் பக்கத்தில் தேடுங்கள் என்பது தகவல்.

பீலா அப்போது காணாமல் போன வால்மீன். ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வந்துகொண்டிருந்தது, 1846இல் இரண்டாகப் பிளந்தது. 1852இல் இரண்டு துண்டுகளும் தெரிந்தன. அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பா முழுக்க எரிகற்கள் மழையாகக் கொட்டின. பீலாவின் பாதையைப் பூமி கடக்கும் நாள் அது. அப்படியானால் வால்மீன் நம்மைத் தாண்டி எதிர்ப்பக்கம், தென்வானத்தில் இருக்க வேண்டும் என்று கிளிங்கர்ஃபியூஸ் கணக்குப் போட்டார். தீட்டா சென்டாரி கோட்டிங்கனில் அடிவானத்தை விட்டு மேலேயே எழாது என்று சொல்லலாம். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கும் ஊர். இங்கே விடியலுக்கு முன் அது வசதியாகத் தெரியும்.

வசதி என்பது வானம் திறந்திருந்தால்தான். டிசம்பர் தொடக்கம், வடகிழக்குப் பருவமழைக் காலம். முதல் இரண்டு விடியல்களும் மேகத்திலும் மழையிலும் போயின. மூன்றாவது விடியலில், ஐந்தரை மணிவாக்கில், மேகத்தில் சிறிது நேரம் நீலத் திட்டு ஒன்று திறந்தது. வட்டமான, நடுவில் பிரகாசமான ஒரு புகைப்பொட்டு இருந்தது. பெயரில்லாத ஒரு விண்மீனோடு ஒப்பிட்டு நான்கு முறை மட்டுமே இடத்தை அளக்க முடிந்தது. அந்தச் சில நிமிடத்துக்குள்ளேயே அது நகர்ந்திருந்தது. ஆக விண்மீன் அல்ல. மறுநாள் விடியலில் இன்னும் நல்ல அளவீடு கிடைத்தது, மங்கலான ஒரு வாலும் தெரிந்தது. அதற்கடுத்த நாள் மீண்டும் மழை.

பின்னால் கணக்கிட்டவர்கள் அது பீலா அல்ல என்றார்கள். பீலா அந்த இடத்தில் இருந்திருக்க வழியில்லை. பிறகு போக்சன் பார்த்தது எது? இன்றுவரை பதில் இல்லை. வால்மீன் பட்டியலில் அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1. முதலில் வரும் எக்ஸ் என்ற எழுத்து, பாதை கணிக்க இயலாத வால்மீன்களுக்கு ஒதுக்கப்பட்டது.

ஏன் இயலவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பொருள் சூரியனைச் சுற்றும் பாதையை முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டு ஒடுங்கியது, பூமியின் பாதைத் தளத்துக்கு எத்தனை பாகை சாய்ந்தது, அந்தத் தளத்தை எந்தத் திசையில் வெட்டுகிறது, சூரியனை அடுத்த அதன் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது, சூரியனுக்கு மிக அருகே வரும் நாள் எது. ஒரு இரவின் அளவீடு தருவதோ இரண்டே எண்கள்: வானத்தில் கிழக்கு மேற்காக எங்கே, வடக்கு தெற்காக எங்கே. தூரம் தெரியாது. ஆகவே குறைந்தது மூன்று இரவுகள். பாதை பரவளையம்தான் என்று வைத்துக்கொண்டால் ஓர் எண் மிச்சமாகும். வால்மீன்களுக்கு அது பெரும்பாலும் சரியாகவே பொருந்தும், ஓல்பர்ஸ் 1797இல் வெளியிட்ட முறையும் அந்த வழியில்தான் போகிறது. அப்போதும் ஐந்து எண்கள் வேண்டும். போக்சன் கையில் இருந்தவை நான்கு.

ஒரு விடியல் குறைந்துபோனதால் ஒரு வால்மீன் நிரந்தரமாகத் தொலைந்தது.

இதோடு ஒப்பிட இன்னொரு வால்மீனை எடுத்துக்கொள்கிறேன். இதுவும் தென்வானத்துப் பொருள்தான். ஆனால் இதன் கதையில் தந்தியும் இல்லை, விடியலில் கண்விழித்தவரும் இல்லை. சிலி நாட்டில் செர்ரோ டொலொலோ மலைமேல் பிளாங்கோ என்ற 4 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதில் பொருத்திய 57 கோடி பிக்சல் கேமராவைக் கொண்டு 2013 முதல் 2019 வரை 'டார்க் எனர்ஜி சர்வே' என்ற பெருந்திட்டம் நடந்தது. திட்டத்தின் நோக்கம் வால்மீன் அல்ல. தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் படம்பிடித்துப் பிரபஞ்சம் எப்படி விரிகிறது என்று அறிவதே நோக்கம். படங்களில் குறுக்கே வரும் பக்கத்து வீட்டுப் பொருள்கள் அவர்களுக்கு இடைஞ்சல்.

அந்த இடைஞ்சலைத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த பெட்ரோ பெர்னார்டினெல்லியும் கேரி பெர்ன்ஸ்டைனும் தேடினார்கள். சுமார் 80,000 படங்கள். அவற்றில் பதிவான ஒளிப்பொட்டுகள் 1,600 கோடிக்கு மேல். தேடுதலுக்குச் செலவான கணினி நேரம் ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடி மணி. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள 800க்கும் மேற்பட்ட பொருள்கள் சிக்கின. அவற்றோடு, 32 பொட்டுகள் சேர்ந்து ஒரு விசித்திரமான பாதையைக் காட்டின. 2021 ஜூன் 19 அன்று அது அறிவிக்கப்பட்டபோது வெறும் 2014 யூஎன்271 என்ற எண்தான் அதற்கு. 'யூ' என்றால் அக்டோபரின் பின்பாதி. 'என்' என்ற எழுத்தும் 271 என்ற எண்ணும் சேர்ந்து, அந்த அரை மாதத்துக் கணக்கில் 6,788ஆவது பொருள் என்று பொருள்படும். ரேஷன் கார்டு எண்ணைவிட உயிரற்ற பெயர். சில நாளில் அதற்கு வால்மீன் தகுதி வந்து, கண்டுபிடித்தவர் இருவரின் பெயரும் முன்னே 'சி/' என்ற அடையாளமும் ஒட்டிக்கொண்டன.

2014 அக்டோபரில் அந்த முதல் படம் எடுத்தபோது அது சூரியனிலிருந்து 29 வானியல் அலகு தூரத்தில் இருந்தது. ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தூரம், சுமார் 15 கோடி கிலோமீட்டர். 29 என்றால் ஏறத்தாழ நெப்டியூனின் தொலைவு.

அந்தத் தூரத்தில் ஒரு பொட்டின் இடத்தை அளப்பது என்றால் என்ன என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். வானத்தின் கோணங்களைப் பாகை, கலை, விகலை என்று நம் பழைய கணிதர்கள் பிரித்தார்கள். பாகையில் 3,600இல் ஒரு பங்கு விகலை. 29 அலகு தூரத்தில் ஒரு விகலை என்பது 21,000 கிலோமீட்டர். பூமியை ஒன்றரை முறைக்கு மேல் வரிசையாக வைக்கலாம். வால்மீனின் திண்மமான உட்கருவோ நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஒரு விகலையில் 150இல் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தப் படத்திலும் அதன் உருவம் தெரியாது. நம் காற்றுமண்டலம் கலைத்துப் பரப்பிவிட்ட ஒளி மட்டும் நாலைந்து பிக்சல்களில் சிந்தியிருக்கும். எந்தப் பிக்சலில் எவ்வளவு ஒளி என்று நிறுத்துப் பார்த்து அதன் மையத்தைக் கணக்கிடுகிறார்கள். பிறகு அதே படத்திலுள்ள விண்மீன்களை, கையா விண்கலம் தொகுத்த அட்டவணையோடு பொருத்தி அந்த மையம் வானத்தில் எங்கே என்று சொல்கிறார்கள். போக்சன் பெயரில்லாத விண்மீனோடு ஒப்பிட்ட அதே வேலைதான். கருவிதான் மாறியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பொட்டு இரவுக்கிரவு நகர்வதில் பெரும்பங்கு வால்மீனுடையதே அல்ல. நகர்வது நாம். பூமி சூரியனைச் சுற்றும் ஓட்டத்தில், 29 அலகு தூரப் பொருள் மணிக்குச் சுமார் 5 விகலை பின்னே நழுவுவதுபோலத் தெரியும். அந்தத் திட்டத்தின் ஒரு படத்துக்கு ஒளி வாங்கும் நேரம் 90 விநாடி. அதற்குள் பொட்டு நகர்வது அரைப் பிக்சல். ஆகத் தனிப்படத்தில் அது விண்மீனிலிருந்து வேறுபடவே வேறுபடாது. ஆண்டு முழுக்கத் தொடர்ந்தால் அது வானத்தில் 2 பாகை ஆரமுள்ள ஒரு நெளிவளையம் போடும். அந்த வளையத்தின் அகலமே தூரத்தைச் சொல்லிவிடும். ஆனால் இந்தத் திட்டம் ஒரே இடத்துக்கு ஆறு ஆண்டுகளில், ஒவ்வொரு நிற வடிகட்டியிலும், சுமார் பத்து முறைதான் திரும்பி வந்தது. 1,600 கோடிப் பொட்டுகளில் எது எதனுடைய அடுத்த மாதத்துப் பொட்டு? அவ்வளவு கணினி நேரமும் செலவானது இந்தக் கேள்விக்குத்தான்.

பாதை ஓரளவு பிடிபட்டதும் பழைய படங்களில் பின்னோக்கித் தேடலாம். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதல்லவா. சிலியிலேயே உள்ள விஸ்டா தொலைநோக்கி 2010இல் எடுத்து வைத்திருந்த படங்களில், 34 அலகு தூரத்தில், அது கிடைத்தது. யாரும் கவனிக்காமல் பதினோரு ஆண்டு கோப்பில் கிடந்த பொட்டு.

பதினோரு ஆண்டு நீளத்துக்கு இடங்கள் சேர்ந்ததும் பாதை துல்லியமாகியது. சூரியனுக்கு மிக அருகே வருவது 2031 ஜனவரியில். அப்போதும் தூரம் சுமார் 10.95 அலகு, சனியின் பாதைக்கு அப்பால். சாய்வு 95 பாகை, அதாவது கோள்களின் தளத்துக்கு ஏறத்தாழ செங்குத்து. வந்த பாதையின் மறுமுனை, சூரியனிலிருந்து 40,400 அலகு, முன்பின் 260. ஊர்ட் மேகம் என்று சொல்லப்படும் உறைபனிக் கிடங்கின் நடுவே இருக்கிறது அந்த முனை. ஒரு சுற்றுக்குச் சுமார் முப்பது லட்சம் ஆண்டு.

முப்பது லட்சம் ஆண்டுப் பாதையைப் பதினோரு ஆண்டில் எப்படிச் சொல்ல முடியும்? முதலில் இது எனக்கே நெருடியது. மேலே எறிந்த கல் எவ்வளவு உயரம் போகும் என்று சொல்ல, அது உச்சிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். ஓர் இடத்தில் அதன் வேகம் தெரிந்தால் போதும். இங்கும் அப்படித்தான். 29 அலகு தூரத்தில் சூரியனின் பிடியிலிருந்து தப்பிக்கத் தேவையான வேகம் விநாடிக்கு 7.8 கிலோமீட்டர். வால்மீன் அதைவிட எவ்வளவு குறைவாக ஓடுகிறது என்பதே மறுமுனை எங்கே என்பதைத் தீர்மானிக்கிறது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். விடை வந்ததும் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். வித்தியாசம் விநாடிக்கு 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஓட்டப் பயிற்சிக்குப் போகிறவர்கள் மெரினாவில் ஓடும் வேகம். அந்த 3 மீட்டர்தான் இந்த வால்மீனைச் சூரிய குடும்பத்தின் சொந்தம் ஆக்குகிறது.

இன்னொரு சிக்கலும் இங்கேயே ஒளிந்திருக்கிறது. சூரியன் நிலையாக நிற்பதில்லை. வியாழன் இழுக்க இழுக்க அது விநாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் ஆடிக்கொண்டே இருக்கிறது. நாம் தேடும் வித்தியாசமோ 3 மீட்டர். சூரியனை நடுவில் வைத்துக் கணக்கிட்டால் வால்மீன் ஒரு வருடம் தப்பி ஓடுவதுபோலவும் இன்னொரு வருடம் கட்டுண்டிருப்பதுபோலவும் காட்டும். அதனால்தான் தொலைதூர வால்மீனுக்கு சூரியனை விட்டுவிட்டு, சூரியனும் கோள்களும் சேர்ந்த மொத்தத்தின் நிறைமையத்தை நடுவில் வைக்கிறார்கள். செய்திகளில் அவ்வப்போது ஒரு வால்மீன் "சூரிய குடும்பத்தை விட்டே வெளியேறுகிறது" என்று வரும்போது, எந்த மையத்திலிருந்து கணக்கிட்டார்கள் என்று கேட்டுவிட்டு நம்புவது நல்லது.

மறுமுனையில், அந்த 40,000 அலகு தூரத்தில், இது எந்த வேகத்தில் நகர்ந்திருக்கும்? மிதிவண்டி வேகம்தான். அவ்வளவு மெதுவாகப் போகிற பொருளை, நம் விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பே மெல்ல நெம்பிவிடும். பெர்னார்டினெல்லி குழுவினர் பின்னோக்கிக் கணக்கிட்டதில், இதற்கு முந்தைய வருகை 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அப்போது 18 அலகுக்குள் அது வரவே இல்லை. இப்போது வருவதே சூரியனை அது மிக நெருங்கும் முறை என்பது அவர்கள் கணிப்பு.

இடத்தைப் பொறுத்தவரை நான் சொல்ல வருவது இதுதான்: துல்லியத்தைவிடக் காலம் பெரிது. போக்சன் திறமையான அளவையாளர். இரண்டு இரவுதான் கிடைத்தது. 2014இல் அந்தக் கேமராவை இயக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வால்மீன் படத்தில் இருப்பதே தெரியாது. ஆண்டுகள் சேர்ந்தன, பாதை தானே விளங்கியது. ஒளியின் கதை இப்படி இல்லை. அங்கே ஆண்டுகள் சேர்ந்தாலும் கடன் தீருவதில்லை.

ஒளியை அளக்கும் கோலைக் கொடுத்தவரும் போக்சன்தான் என்பது பலருக்குத் தெரியாது. சென்னைக்கு வரும் முன், 1856இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் வானாய்வகத்தில் இருந்தபோது அவர் முன்வைத்த யோசனை அது. விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு வரை பிரிக்கும் பழைய வழக்கம் இருந்தது. ஐந்து தரம் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என்றார். ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு. இன்று பொலிவெண் என்று நாம் சொல்வது இதைத்தான். எண் கூடக்கூட ஒளி குறையும்.

2014இல் நம் வால்மீனின் பொலிவெண் 22க்கும் 23க்கும் இடையில். வெறும் கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட நாற்பது லட்சம் மடங்கு மங்கல். இதைக் கேட்டால் ஒன்றுமில்லாத பொருள் என்று தோன்றும். ஹேலி வால்மீனைப் பக்கத்தில் வைத்தால்தான் உறைக்கும். 2003 மார்ச்சில், சிலியில் ஐரோப்பியர்களின் 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் மூன்றை ஒருசேரத் திருப்பி, மொத்தம் சுமார் 9 மணி நேரம் ஒளி சேர்த்து ஹேலியைப் பிடித்தார்கள். வால்மீன் நகர நகரப் படங்களை நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். விண்மீன்கள் கோடுகளாக இழுபட்டன, நடுவே ஒரு சின்னப் பொட்டு மட்டும் பொட்டாகவே நின்றது. பொலிவெண் 28.2. தூரம் 28 அலகு. ஏறத்தாழ அதே தூரத்தில் பெர்னார்டினெல்லி–பெர்ன்ஸ்டைன் வால்மீன் ஐந்து தரத்துக்கும் மேல் பிரகாசம். போக்சன் கோலின்படி 100 மடங்குக்கு மேல். ஹேலியின் உட்கரு நீளவாக்கில் 15 கிலோமீட்டர். இது எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

இங்கேதான் முதல் கோளாறு. ஒளி அளவைச் சொல்லாது. கரிப்பிடித்த பெரிய பானையும் துலக்கிய சின்னச் சொம்பும் தூரத்தில் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பலாம். தன்மேல் விழும் ஒளியில் எத்தனை சதவீதம் திரும்புகிறது என்று தெரியாமல் விட்டம் சொல்ல முடியாது. வால்மீன்களுக்கு வழக்கமான 4 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 150 கிலோமீட்டர் வந்தது. 2022 ஜனவரியில் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படங்களில், சுற்றியுள்ள தூசு ஒளியைக் கழித்து, மிச்சத்தை உட்கருவுடையது என்று கொண்டு, அடுத்து வரும் ஆல்மாவின் வெப்ப அளவீட்டோடும் சேர்த்துக் கணக்கிட்டவர்களுக்கு 119 கிலோமீட்டர் வந்தது. ஆல்மா வானலைத் தொலைநோக்கி வேறு வழியில் போனது: திருப்பி அனுப்பும் ஒளியை விட்டுவிட்டு, அந்த உடல் தானே வெளிவிடும் வெப்பத்தை அளந்தது. விடை 137 கிலோமீட்டர். எதை எடுத்துக்கொண்டாலும், ஊர்ட் மேகத்திலிருந்து வந்து நாம் நன்றாக அளந்த வால்மீன்களில் இவ்வளவு பெரிய உட்கரு வேறில்லை. எதிரொளிப்பு 3 முதல் 5 சதவீதம்; கரித்துண்டு போன்ற கருப்பு.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. உட்கரு அம்மணமாக இருக்கும்வரை ஒளியைக் கணிப்பது சுலபம். சூரிய ஒளி தூரத்தின் வர்க்கத்தில் மங்குகிறது; திரும்பி வரும்போது இன்னொரு முறை அதே கணக்கில் மங்குகிறது. தூரம் பாதியானால் ஒளி 16 மடங்கு, அதாவது 3 தரம். 34 அலகிலிருந்து 23 வரை இந்த வால்மீனின் உட்கரு இந்தச் சட்டத்துக்கு அடங்கியே நடந்தது. 0.2 தரம் அளவில் ஓர் ஏற்றஇறக்கம் மட்டும் இருந்தது. உருளும்போது காட்டும் பக்கம் மாறுவதாலா, வேறு காரணமா, சுழற்சிக் காலம் பிடிபடவில்லை.

அடங்கி நடந்த அதே காலத்தில் அதைச் சுற்றித் தூசும் வளியும் சேர்ந்த ஒரு படலம், கோமா என்பார்கள், சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. 2021 ஜூன் 19 அறிவிப்பு வந்த மூன்றாம் நாள், தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் உள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியது. புகைப்படலம் வெளிப்படையாகவே தெரிந்தது. உடனே எல்லோரும் பழைய படங்களைப் புரட்டினார்கள். வேற்று விண்மீன்களின் கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் 21 விகலை அகலம். வால்மீனுக்குச் சற்றும் ஏற்றதல்ல. ஆனாலும் 2018இல், 23.8 அலகு தூரத்திலேயே படலம் இருந்தது அந்தப் படங்களை அடுக்கியதில் தெரிந்தது. 28 அலகிலிருந்து 20 அலகுக்கு வருவதற்குள், தூசு சிதறடிக்கும் ஒளியின் அளவு சுமார் 150 மடங்கு கூடியிருந்தது.

அவ்வளவு தூரத்தில் தண்ணீர்ப் பனி கல்லுக்குச் சமம், ஆவியாகாது. அங்கே கொதிப்பது வேறு. கார்பன் டைஆக்சைடோ அமோனியாவோ பதங்கமாகிறது என்றால் அந்த வளர்ச்சி வேகத்துக்குப் பொருந்துகிறது என்று முதல் ஆய்வு சொன்னது. 2024இல், 16.6 அலகு தூரத்தில், ஆல்மா அதில் கார்பன் மோனாக்சைடு பீறிடுவதைக் கண்டது. இதற்கிடையே 2021 செப்டம்பரில் திடீரென்று அரைத் தரத்துக்கும் மேல் ஒளி எகிறி, பிறகு தணிந்தது. எந்தச் சட்டமும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

படலம் வந்துவிட்டால் "பொலிவெண் எவ்வளவு?" என்ற கேள்விக்கே ஒரே விடை கிடையாது. கொடைக்கானலில் பனி இறங்கிய இரவில் தெருவிளக்கைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விளக்கின் ஒளி என்றால் எது? பல்ப் மட்டுமா, அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மஞ்சளாகப் படர்ந்ததா, தெருமுனை வரைக்கும் மங்கிக் கரைந்ததா? படத்தில் வால்மீனைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டு அளந்தவருக்கு ஓர் எண் வரும், பெரிய வட்டம் போட்டவருக்கு வேறு எண். இருவரும் பொய் சொல்லவில்லை. பழைய ஒளிப்பதிவுகளை ஒன்றாகக் குவித்து வரைபடம் போடும் ஆர்வலர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. வால்மீன் திடீரென்று பிரகாசமானதாக வரும் அறிவிப்புகளில் சில, வட்டத்தின் அளவு மாறியதன் விளைவுதான். ஆய்வாளர்கள் வட்டத்தை விகலையில் போடாமல், வால்மீன் இருக்கும் இடத்தில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று போடுகிறார்கள். தூரம் மாறினாலும் ஒரே அகலத் தூசு ஒப்பீட்டுக்கு வரும். இந்தத் தொல்லை இடத்தையும் விட்டுவைப்பதில்லை. தூசு ஒருபக்கமாகச் சரிந்திருந்தால் பொட்டின் மையமும் அந்தப் பக்கம் இழுபடும்.

வளர்ச்சியைக் கணிக்க ஒரு கைவழக்கச் சூத்திரம் உண்டு. சூரியனிடமிருந்துள்ள தூரம் குறையக் குறைய, அதன் நான்காம் அடுக்கில் ஒளி கூடும் என்று வைத்துக்கொள்வது. ஏன் நான்கு? பல வால்மீன்களுக்குச் சராசரியாக அப்படி வந்தது, அவ்வளவுதான். அதன் பின்னால் இயற்பியல் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. 1973 மார்ச்சில் ஹாம்பர்க் வானாய்வகத்தில் லூபோஷ் கொஹூடெக் ஒரு வால்மீனைக் கண்டபோது அது வியாழனின் தொலைவை நெருங்கி இருந்தது. அவ்வளவு தூரத்திலேயே தெரிகிறதே, அருகே வந்தால் நூற்றாண்டின் வால்மீன் ஆகிவிடும் என்றார்கள். டிசம்பர் இறுதியில் சூரியனைச் சுற்றி வந்தபோது, தேடிப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. ஊர்ட் மேகத்திலிருந்து முதல்முறை வருகிறவை மேற்பரப்பின் எளிதில் ஆவியாகும் பனியைத் தூரத்திலேயே செலவழித்துவிட்டு, அருகே வரும்போது கையிருப்பு இல்லாமல் நிற்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 2017இல் கண்டுபிடித்த கே2 பான்ஸ்டார்ஸ் 23.7 அலகிலேயே புகைந்துகொண்டிருந்தது பழைய படங்களில் தெரிந்தது. 2022 டிசம்பரில் 1.8 அலகு வரை வந்தும் வெறும் கண்ணுக்கு எட்டவில்லை. ஆனால் 1995இல் 7.2 அலகு தூரத்தில் கண்டுபிடித்த ஹேல்–பாப், சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. 1997 ஏப்ரல் மாலைகளில் மொட்டை மாடியில் நின்று வடமேற்கே அதைப் பார்த்தவர்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள்.

பாதைக் கணக்கு இதற்கு நேரெதிர். ஹேலியின் 1759 வருகையைக் கிளேரோ, லாலாந்து, நிகோல்-ரேன் லெபோட் மூவரும் மாதக்கணக்கில் கைக்கணக்காகப் போட்டு ஏப்ரல் நடுப்பகுதி என்றார்கள். வந்தது மார்ச் 13. 1982 அக்டோபரில் பாலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கி அடுத்த வருகைக்காக ஹேலியைத் தேடியபோது, 11 அலகு தூரத்தில், முன்கணித்த இடத்திலிருந்து சில விகலைக்குள் பொட்டு இருந்தது. இடையில் எழுபது ஆண்டுக்கு மேல் யாரும் அதைப் பார்க்கவில்லை.

பெர்னார்டினெல்லி–பெர்ன்ஸ்டைன் 2031 ஜனவரி வரை நெருங்கிக்கொண்டிருக்கும். அதே சிலியில், செர்ரோ பச்சோனில், 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகம் தென்வானத்தைப் பத்தாண்டு திரும்பத் திரும்பப் படமெடுக்கப்போகிறது. 1872இல் கிடைக்காத மூன்றாவது இரவு இதற்கு நூற்றுக்கணக்கில் கிடைக்கும். 2031இல் இது புளூட்டோவின் துணைக்கோளான காரன் அளவுக்குப் பிரகாசமாகத் தெரியலாம் என்பது இன்றைய மதிப்பீடு. அப்போதும் கொல்லைப்புறத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பவர்களுக்கு எட்டாக் கனிதான். பெரிய வெடிப்பு ஏதும் நடந்தால் கதை வேறு.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் சேவையில் இந்த வால்மீனின் அட்டவணையை யாரும் கேட்டு வாங்கலாம். தேதி கொடுத்தால் வானத்தில் அதன் இடத்தை விகலையின் பின்னம் வரை தரும். கேட்டால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு நெடுவரிசை சேர்த்து, அந்த இடம் கிழக்கு மேற்கில் எவ்வளவு, வடக்கு தெற்கில் எவ்வளவு தப்பாக இருக்கக்கூடும் என்றும் சொல்லும். ஒளிக்கு இரண்டு நெடுவரிசை உண்டு: படலத்தோடு சேர்த்து ஒன்று, உட்கருவுக்கு மட்டும் ஒன்று. போக்சனின் கோலில் அளந்த எண்கள்தான் இரண்டும். அவற்றுக்குப் பிழை எல்லை காட்டும் நெடுவரிசை அந்த அட்டவணையில் இல்லை.